பாஸ் கேட்காத கண்டக்டர்

கொளஞ்சிக்கு ஒரு கர்வம் உண்டு. இருபத்தாறு வருடமாக டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தும், தெரிந்த முகம் எதனிடமும் "பாஸை எடு" என்று கேட்டதில்லை என்பதுதான் அது. ஏறுகிறவர் வாயால் "பாஸ்" என்று சொன்னால் போதும். பாதிப் பேர் அதுகூடச் சொல்ல மாட்டார்கள், கண்ணைக் காட்டுவார்கள். கொளஞ்சி தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். தினமும் பார்க்கிற மனுஷனிடம் அட்டையைக் காட்டு என்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம் என்பார். அவருடைய அப்பா மில்லில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் நிறுத்தி, இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அதைச் சின்ன வயதில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறார் கொளஞ்சி. அந்தக் கோபம் பின்னால் மரியாதையாக மாறிவிட்டது. மனிதர் நல்லவர்தான். நல்லவர்களால் என்னென்ன கேடு வரும் என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

மில் மூடியபோது வேலை போனவர்கள், கைக்கு வந்த காசைச் சேர்த்துப் போட்டு ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம்தான் அந்த டவுன் பஸ்களை ஓட்டியது. ஊர் வாயில் 'சங்கத்து பஸ்'. கொரோனாவுக்கு முன் ஒன்பது வண்டி ஓடியது. ஊரடங்கில் ஒன்பதும் ஷெட்டில் நின்று, டயர் வெடித்து, பேட்டரி செத்து, இரண்டு வண்டி எடைக்குப் போயின. திரும்பவும் ஓட ஆரம்பித்தபோது ஜனம் பழையபடி வரவில்லை. தவணைக்கு ஸ்கூட்டர் எடுத்தவன் ஸ்கூட்டரிலேயே போனான். டெம்போவில் பழகியவன் டெம்போவில் போனான். வேலையே போனவனுக்கு பஸ் எதற்கு. காலியாக ஓடிய வண்டிகளைச் சங்கம் ஒவ்வொன்றாக நிறுத்தியது. மிச்சம் ஐந்து.

அந்த ஐந்தில் ஒன்று, காலை ஐந்து பத்துக்குக் கருவடிக்குப்பத்தில் கிளம்புகிற கொளஞ்சியின் வண்டி. நான்கு வருடம் நின்று கிடந்துவிட்டுப் போன வருடம் ஆவணியில்தான் மறுபடி விட்டார்கள். முத்தியால்பேட்டை, அஜந்தா சிக்னல், பஸ் ஸ்டாண்டு, நெல்லித்தோப்பு, இந்திரா காந்தி சிலை என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்து ஐம்பதுக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும். ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் ஆறு மணிதான் கணக்கு. வார்டு கூட்டுகிற பெண்கள் ஆறு மணிக்கு மெஷினில் விரல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கேன்டீனில் வேலை செய்கிறவர்கள் ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் ஆறு மணி ஷிப்டில் போய் உட்கார வேண்டும். ஆறேகாலுக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த நாற்காலியை வெளியே காத்திருக்கிற இன்னொரு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது. காத்திருக்கிறவருக்கும் உயிர்தானே.

சின்னக்கண்ணு அந்த ஆறு மணி ஷிப்டுக்காரர். கருவடிக்குப்பத்தில் முதல் ஆளாக ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காருவார். சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை பார்த்தவர், அறுபத்திரண்டு வயது. இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். பஸ் நின்றுபோயிருந்த நான்கு வருடமும் அவரும் மனைவி மேனகாவும் ஆட்டோவில் போனார்கள். மேனகாவின் கம்மல் ஆட்டோவுக்குப் போயிற்று, மூக்குத்தி ஆட்டோவுக்குப் போயிற்று, தைக்கிற மெஷின் ஆட்டோவுக்குப் போயிற்று. ஆவணியில் பஸ் வந்தபோது வீட்டில் விற்பதற்கு இனி எதுவும் இல்லை. வண்டியில் ஏறிய முதல் நாள் மேனகா கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"இன்னும் ஒரு மாசம் கழிச்சி வந்திருந்தீன்னா இவரு இருந்திருக்க மாட்டாருண்ணே," என்றார்.

அப்படி மறுபடி வண்டியை விட்டபோதுதான் சங்கத்தில் கொளஞ்சியின் கையில் ஒரு மெஷினையும் கொடுத்தார்கள். டிக்கெட் வாங்குகிறவர் என்றால் இரண்டு பட்டன், சீட்டு வந்துவிடும். பாஸ்காரர் என்றால் அட்டையைக் கையில் வாங்கி, அதிலுள்ள எட்டு எண்களையும் அடித்து, அது யோசித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். முதல் நாள் மூன்று பேருக்கு அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தால் முத்தியால்பேட்டை தாண்டிவிட்டது, டிக்கெட் வாங்க வேண்டிய ஒருவர் வாங்காமலே இறங்கிப் போயிருந்தார். இது நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டார். அட்டையை வாங்கிப் பார்ப்பதும் பிடிக்கவில்லை, பொடி எழுத்து கண்ணுக்கும் தெரியவில்லை. இரண்டாவது காரணத்தை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அதற்காக அவர் எண்ணாமல் விடவில்லை. இருபத்தாறு வருடமாகச் செய்ததையே செய்தார். ஒரு தாளில் கோடு போட்டு, தேதி எழுதி, டிக்கெட் இத்தனை, பாஸ் இத்தனை என்று முத்து முத்தாக எழுதினார். டிக்கெட் நாலு, பாஸ் முப்பத்தாறு. டிக்கெட் அஞ்சு, பாஸ் முப்பத்தி நாலு. மத்தியானம் ஆபீசில் எழுத்தர் இராமதாசிடம் தாளைக் கொடுப்பார். இராமதாஸ் வாங்கிக் கம்பியில் குத்திவைப்பார். கொடுக்கிறவர் கொடுத்தார், வாங்குகிறவர் வாங்கினார். கணக்கு மேலே போய்ச் சேர்ந்துகொண்டிருப்பதாகத்தான் கொளஞ்சி பதினோரு மாதமும் நினைத்திருந்தார்.

ஆடி பிறந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, டிரைவர் ராஜ்கமலின் சீட்டுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அரைத் தூக்கத்தில் ஏறுகிற கூட்டம், யாரும் பார்க்கவில்லை. நெல்லித்தோப்பில் ஏறிய விர்ஜினிதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். விர்ஜினி கான்வென்ட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். அப்பாவின் நாசியோனாலித்தேயை, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமையை, எடுத்துக்கொண்டு அண்ணன் பாரீசுக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டு இவர் இங்கேயே நின்றுவிட்டார். புருஷனும் போய்ச் சேர்ந்து, தனி ஆள். சின்னக்கண்ணுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அவருக்கும் அதே ஆறு மணி டயாலிசிஸ். எதையும் சிரிப்பாக மாற்றிவிடுகிற வாய்.

"இத பாருங்க," என்று உரக்கப் படித்தார் விர்ஜினி. "பயணிகள் எண்ணிக்கை போதாததால் காலை ஐந்து பத்து வண்டி ஒன்றாம் தேதி முதல் நிறுத்தப்படும். தேவை சராசரி பதினைந்து பேர். தற்போதைய சராசரி நான்கு பேர்."

படித்து முடித்து வண்டிக்குள் திரும்பிப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நாலு பேராம். அப்ப நாமல்லாம் யாரு, பேயா?"

வண்டியே சிரித்தது. வார்டு கூட்டுகிற பெண் ஒருத்தி, "நாப்பதுன்னு போட்டிருப்பாங்கம்மா. சைபரு வுட்டுப்போயிருக்கும்," என்றாள். அதற்கும் சிரித்தார்கள். சின்னக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை.

"கொளஞ்சி, ஆபீசுல என்னான்னு கேளுப்பா," என்றார். "இது இல்லன்னா நான் போறத வுட்டுடுவேன். நெசமாத்தான் சொல்றேன். இவள இன்னும் வதைக்க முடியாது."

கொளஞ்சிக்குப் புரிந்துவிட்டது. நாலு பேர் என்றால் டிக்கெட் வாங்குகிற நாலு பேர். மெஷினுக்குத் தெரிந்தது அந்த நாலு பேரைத்தான். மற்றவர்கள் யாரும் பதினோரு மாதமாக இந்த வண்டியில் ஏறவே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் ஆபீசில் போய் நின்றார்.

"நான் குடுத்த தாளெல்லாம் எங்க?"

"உள்ள கோணியில கெடக்கு," என்றார் இராமதாஸ்.

"அதுலதான் எழுதியிருக்கேனே. தெனம் முப்பது, நாப்பது பாஸு."

"தாள யாருண்ணே பாக்குறா. எல்லாம் மெஷின்லேர்ந்து நேரா கம்ப்யூட்டருக்குப் போவுது. பாஸும் அதுல அடிச்சாத்தான் கணக்கு. மொத நாளு சொன்னாங்களே."

"அப்ப தாள ஏன் வாங்கின? பதினோரு மாசமா ஏன் வாங்கின?"

இராமதாஸ் சங்கடத்தோடு மேசையைப் பார்த்தார். "நீ அவ்வளவு அழகா கோடு போட்டு எழுதிக்கினு வர்ற. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னுதாண்ணே வாங்கிவச்சேன்."

கொளஞ்சிக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்க முடியவில்லை. இவர் முகம் வாடக் கூடாது என்று அவர் தாளை வாங்கினார். அவர்கள் முகம் வாடக் கூடாது என்று இவர் பாஸை வாங்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பஸ்ஸைக் கொன்றுவிட்டார்கள்.

இன்னும் பதிமூன்று நாள் இருந்தது. ஒருநாள் விடாமல் எல்லோருக்கும் அடித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டார் கொளஞ்சி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கினார். ராஜ்கமலை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அரை நிமிடம் கூடுதலாக நிறுத்தச் சொன்னார். திங்கட்கிழமை காலை கருவடிக்குப்பத்தில் சின்னக்கண்ணு ஏறி உட்கார்ந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாகக் கையை நீட்டினார்.

"பாஸக் குடுங்கண்ணே."

சின்னக்கண்ணு அவர் முகத்தையே பார்த்தார். மேனகா தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சநேரம் கழித்துத்தான் சட்டைப் பையிலிருந்து அட்டை வந்தது. எட்டு எண்களையும் அடித்துவிட்டுக் கொளஞ்சி காத்திருந்தார். மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, 'செல்லாது' என்றது. தப்பாக அடித்துவிட்டோம் என்று மறுபடி அடித்தார். செல்லாது. அட்டையைப் புதுக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். தேதி 2020 மார்ச்சோடு முடிந்திருந்தது.

அடுத்தவர் அட்டை, செல்லாது. வார்டு கூட்டுகிற பெண்களின் அட்டைகள், ஏழில் ஐந்து செல்லாது. ஊரடங்குக்கு முன் வாங்கியவை. பஸ் நின்றது, அட்டை பரணுக்குப் போயிற்று. பஸ் வந்ததும் அதையே எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். புதுப்பிக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே, திடீர்னு எங்க மேல சந்தேகம்?" என்றாள் ஒருத்தி.

"சந்தேகம்லாம் இல்லம்மா. சும்மா, மெஷினுக்கு."

நெல்லித்தோப்பில் விர்ஜினி ஏறினார். அவருடைய அட்டையைக் கொளஞ்சி அடித்தார். செல்லும். பிளாஸ்டிக் உறை போட்டு, போன மாதம்தான் புதுப்பித்திருந்தார். "வருஷா வருஷம் போயி மாத்திருவேன்ப்பா. எனக்கு யாரு இருக்கா, மாட்டிக்கினா வந்து நிக்கிறதுக்கு," என்றார். கதிர்காமம் போய்ச் சேரும்போது முப்பத்தெட்டு பேரில் மெஷின் ஏற்றுக்கொண்டது பதின்மூன்று பேரை, டிக்கெட் வாங்கின நாலு பேரையும் சேர்த்து.

அடுத்த இரண்டு நாள் கொளஞ்சி செய்ததை நினைத்தால் பாவமாக இருக்கிறது. செல்லாத அட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தன் காசில் டிக்கெட் அடித்தார். அடித்த சீட்டுகளை அவர்களிடம் கொடுக்கக் கூச்சப்பட்டு, கசக்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். புதன்கிழமை மத்தியானம், கொஞ்சம் தலை நிமிர்ந்தே, இராமதாசிடம் போய் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று கேட்டார்.

இராமதாஸ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "அண்ணே, இது பதினோரு மாசத்துச் சராசரி. மாசக் கடைசி வரைக்கும் தெனம் நாப்பது பேரு ஏறினாலும் அஞ்சுக்கு மேல, அஞ்சரை வரும். பதினஞ்சு வராது. உன் காச வீணாக்காத."

"அப்ப அந்தக் கோணிய எடு. செக்ரட்டரிகிட்ட தூக்கிக்கினு போயி வைக்கிறேன். நெசத்தச் சொல்லிடுறேன்."

"சொல்லு. என்னா கேப்பாங்க தெரியுமா?" இராமதாஸ் குரலைத் தாழ்த்தினார். "தாளுல நாப்பது, மெஷின்ல நாலு. நடுவுல முப்பத்தாறு பேரு எப்படிப் போனாங்கன்னு கேப்பாங்க. பாஸ்னு சொல்லுவ. பாஸப் பாப்பாங்க. முக்காவாசி செத்த பாஸு. செத்த பாஸுல ஒரு வருஷம் போனவங்களுக்கு அபராதம், அப்பறம் மூணு வருஷத்துக்குப் பாஸே கெடையாது. சங்கத்து ரூல். உன்ன அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்பவும் இந்த பஸ்ஸு ஓடுமான்னு எனக்குத் தெரியாது."

கொளஞ்சி கோணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அவருடைய கையெழுத்தில் அத்தனை பேரும் இருந்தார்கள், நாள்வாரியாக. அதை வெளியே எடுத்தால் அவர்களுக்கே வினை, எடுக்காவிட்டால் அவர்களுக்கு பஸ் இல்லை. புதுப் பாஸுக்கு எழுதிப் போடலாமென்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆதார், போட்டோ எல்லாம் கொடுத்துப் பதினைந்து நாள் ஆகும். பஸ்ஸுக்கே எட்டு நாள்தான் இருந்தது.

அந்த எட்டு நாளில் ஆறு நாள் அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார். வண்டியில் "ஏதாச்சும் தெரிஞ்சுதாண்ணே" என்று கேட்டவர்களிடம், பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொய் சொன்னார். கடைசி வாரத்துப் புதன்கிழமை, விர்ஜினியும் ஏறிய பிறகு, ராஜ்கமலிடம் வண்டியை இந்திரா காந்தி சிலைக்கு முன்னாலேயே ஓரங்கட்டச் சொன்னார். நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மெஷின், தாள், கோணி, சங்கத்து ரூல் எதையும் விடவில்லை.

"தப்பு என்னுதுதான். கோணியத் தூக்கிக்கினு போயி வச்சிடுறேன். என் வேல போனாப் போவுது. ஆனா ஒங்க பேரும் அதுல வரும். ஒங்களக் கேக்காம நான் செய்ய மாட்டேன். சொல்லுங்க."

வெளியே டெம்போ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயிற்று. பிறகு வார்டு கூட்டுகிற பெண் மெதுவாகச் சொன்னாள்.

"எங்க பேர மட்டும் எழுதிடாதண்ணே. காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா, ஏமாத்திட்டு வந்தவங்கன்னு நிறுத்திடுவாரு."

"ஆமாண்ணே, வேணாம்." "வுட்டுடு." அங்கங்கே குரல்கள். விர்ஜினி வாயைத் திறந்தார், சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் அட்டை செல்லும். அதனாலேயே அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கொளஞ்சி சின்னக்கண்ணு பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியும்ப்பா," என்றார் சின்னக்கண்ணு. "மொத நாளே தெரியும், தேதி முடிஞ்சதுன்னு. ஏறயில ஒவ்வொரு தபாவும் பயந்துக்கினுதான் ஏறுவேன். நீ கேக்கல. தெரிஞ்சுதான் வுடுற, நம்மள காப்பாத்துறன்னு நெனச்சிக்கினேன். இவகிட்ட கூட சொன்னேன், கொளஞ்சி சாமி மாதிரின்னு."

"அண்ணே..."

"ஒரே ஒரு தபா கேட்டிருந்தீன்னா மாத்தியிருப்பேன். ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் வீட்டுலதான் இருக்கு. பதினஞ்சு நாளு வேல."

அவர் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதுதான் கொளஞ்சியால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பார். ராஜ்கமல் யாரும் சொல்லாமலே வண்டியை எடுத்தார். அன்றைக்குக் கதிர்காமம் போய்ச் சேர ஆறு ஐந்து ஆயிற்று. பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. கொளஞ்சியை ஏழரை மணி வில்லியனூர் வண்டிக்கு மாற்றியிருந்தார்கள். நாலரைக்கே எழுந்து, தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பத்துக்குப் போனார். அத்தனை பேரையும் சுமக்க முடியாது. ஒரு ஆளையாவது கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று நினைத்தார், அந்த ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டாப்பில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். மெயின் ரோட்டுக்கு நடந்து போய் டெம்போ பிடிக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். சின்னக்கண்ணு வரவில்லை. ஐந்தரை வரை பார்த்துவிட்டு வீட்டுக்கே போனார்.

மேனகா வாசலில் நின்றிருந்தார். "எழுந்துக்க மாட்டேன்றாரு," என்றார். "போதும்னு சொல்றாரு. நீயாச்சும் சொல்லுண்ணே."

சின்னக்கண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. வண்டி வந்திருக்கிறது என்றார் கொளஞ்சி. நான் செய்த பாவத்துக்கு நீங்கள் சாகக் கூடாது என்றார். சின்னக்கண்ணு புரண்டுகூடப் படுக்கவில்லை. கடைசியில் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஐம்பத்தைந்து வயது ஆள் அப்படி அழுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சின்னக்கண்ணு எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மொபெட்டில் பின்னால் ஏற்றி, சாய்ந்துவிடாமல் மேனகா தன் பழைய புடவையால் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினார். மூன்றாவது ஆளுக்கு அதில் இடம் இல்லை. நடந்தாவது வருகிறேன் என்று பின்னாலேயே கிளம்பினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி ஆறு இருபத்தைந்து. சின்னக்கண்ணுவின் நாற்காலியில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

"ஆறேகால் வரைக்கும் பாத்தேங்க. அவசரக் கேஸ் ஒண்ணு வெளிய இருந்துச்சு, போட்டுட்டேன்," என்றார் நர்ஸ். சின்னக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். கொளஞ்சியைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார். "இன்னொரு சேர் காலியா இருக்கு. அவங்களும் வரல. போன் போட்டேன், நெல்லித்தோப்பு ஸ்டாப்புலதான் நிக்கிறாங்களாம். டெம்போ எல்லாம் நெரம்பி வருது, நிக்க மாட்டேன்றானுங்கன்னு சொன்னாங்க. ஏழு மணி வரைக்கும் வச்சிருக்கேன். வந்துட்டா அவங்களுக்குத்தான், அது அவங்க சேர். வரலன்னா இவரப் போட்டுடுறேன்."

கொளஞ்சி பெயரைக் கேட்கவில்லை. நெல்லித்தோப்பில் ஏறுகிற ஆறு மணி ஷிப்டுக்காரர் ஒருவர்தான்.

நெல்லித்தோப்பு கால் மணி நேரம். வர ஒரு கால் மணி நேரம். இப்போது கிளம்பினால் ஏழுக்குள் கூட்டிவந்துவிடலாம். மொபெட் வாசலில் நின்றது, சாவி கையில் இருந்தது. கொளஞ்சி பெஞ்சில் சின்னக்கண்ணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னா சொல்றாங்க?"

"ஏழு மணிக்குக் கூப்புடுறாங்களாம்."

"யாரு சேரு?"

"யாரோ. எனக்குத் தெரியலண்ணே."

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. கொளஞ்சி அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படிக்கட்டில் யாராவது ஏறிவரும் சத்தம் கேட்டபோதெல்லாம் சாவியை இறுக்கிப் பிடித்தார். இருபத்தாறு வருடமாக, கையைக் காட்டி ஓடிவருகிற ஒரு ஆளுக்காக வண்டியை நிறுத்தி வைத்தவர் அவர். வரக் கூடாது, வரக் கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னார். சின்னக்கண்ணு மூச்சுவிடும் சத்தம் பக்கத்தில் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏழு மணிக்கு நர்ஸ் வந்து கூப்பிட்டார். சின்னக்கண்ணுவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கொளஞ்சி வெளியே வந்தார். வில்லியனூர் வண்டிக்கு இப்போது ஓடினால்தான் முடியும். திரும்பவும் அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு விர்ஜினி படியேறி வந்தார். பாதி தூரம் நடந்தே வந்திருக்க வேண்டும், புடவை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நர்ஸிடம் பேசினார், தலையை ஆட்டிக்கொண்டார். ஏழு மணிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டதாகவும், சாயங்காலம் இடம் இருந்தால் சொல்வதாகவும் நர்ஸ் சொன்னது கொளஞ்சிக்கும் கேட்டது. விர்ஜினி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அப்புறம்தான் பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்தார்.

"அட, கொளஞ்சியா. நீ எங்கப்பா இங்க?"

"சின்னக்கண்ணு அண்ணன கூட்டாந்தேம்மா."

"நல்லது செஞ்ச. அந்த மனுஷனுக்கு எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது."

"எதுல வந்தீங்க?"

"மொபெட்டுல."

விர்ஜினி மூச்சு வாங்கிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்ப வந்த?"

பொய் சொல்லலாம் என்று கொளஞ்சி நினைத்தார். வாய் வரவில்லை.

"ஆறரைக்கெல்லாம் வந்துட்டேம்மா."

விர்ஜினி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அதற்கப்புறம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.